சமூக நலக் கூடத்தில் ஒரு மாலை: சென்னை மாநகராட்சிக்குத் திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மாண்புமிகு மேயர் அவர்களுக்கும் ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, மேடையேறும் ராக் இசைக்குழு ஒன்றில் பேஸ் கிதார் வாசிப்பவன் நான். திரைப்படத்தின் துணையோ இசை நிறுவனத்தின் முதலீடோ இல்லாமல் இயங்கும் இத்தகைய குழுக்கள் இந்நகரில் பல உண்டு. நூறு, நூற்றைம்பது பேர் நின்று கேட்கக்கூடிய ஒரு சிறிய அறையில்தான் இந்த இசை வளர்கிறது. மது விற்பனையோடு தொடர்பில்லாத அப்படியோர் அறையை மாநகராட்சியின் சமூக நலக் கூடங்களில் ஒன்றிலேனும், மாதத்துக்கு இரண்டு மாலைகளுக்காவது எங்களுக்குத் தர வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில், அரசின் டாஸ்மாக் மதுக்கடைகளை ஒட்டிய கூடங்கள் நீங்கலாக, மதுக்கூடத்துக்கான உரிமம் பெரும்பாலும் தங்கும் விடுதிகளுக்கும் உறுப்பினர் மன்றங்களுக்குமே கிடைக்கிறது. மது அருந்துவதற்கான குறைந்தபட்ச வயது 21. இதனால் சென்னையில் ‘கிளப்’ என்று நாங்கள் சொல்வது ஏறக்குறைய எப்போதும் ஒரு நட்சத்திர விடுதியின் மதுக்கூடமாகவே இருக்கிறது. மது வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்று வருகிற கல்லூரி மாணவருக்கு அங்கே வழியில்லை. அந்த வயது வரம்பு தேவையானதுதான். அதைத் தளர்த்துமாறு நான் கேட்கவில்லை. இசையைக் கேட்கும் இடமும் மது விற்கும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டதால், இந்த இசையை மிகுந்த ஆவலோடு கேட்கிற 18 முதல் 20 வயது வரையிலான பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு முறை, எங்கள் பாடல்களை வரிக்கு வரி அறிந்த பத்தொன்பது வயது மாணவர் ஒருவர், அடையாள அட்டையைக் காட்டியபின் அப்படியொரு மதுக்கூடத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். வீட்டுக்குப் போயிருப்பார் என்றே நினைத்திருந்தோம். வாசித்து முடித்துக் கருவிகளை வண்டியில் ஏற்றப் போனபோது அவர் வாகன நிறுத்துமிடத்துச் சுவரோரம் நின்றிருந்தார். பாட்டு எதுவும் சரியாகக் கேட்கவில்லை, பேஸும் டிரம்ஸும் மட்டும் சுவர் வழியே வந்தன என்றார். உள்ளேயோ, முதல் இரண்டு பாடல்களுக்குப் பிறகு மேலாளர் எங்களிடம் வந்து, சொந்தப் பாட்டை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் தெரிந்த பாட்டை வாசிக்கச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைய மது விற்பனைதான் அவருடைய கணக்கு. எங்கள் பாட்டு அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டியிருந்தது.

புதிய பாடல் ஒன்று மேடையில் நான்கைந்து முறை தவறிய பிறகுதான் சரியான வடிவத்துக்கு வருகிறது. ஒத்திகை பார்க்கும் ஜாம் ரூமில் கச்சிதமாகத் தோன்றிய இடைப்பகுதி, முன்னால் ஆட்கள் நிற்கும்போது நீளமாகத் தெரியும். பாடகரின் சொற்கள் கிதார் ஒலியில் மூழ்குவது அப்போதுதான் புரியும். கர்நாடக இசை இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறது. மார்கழி விழாவில் சபாக்கள் இளம் கலைஞர்களுக்கென மதிய நேரத்தை ஒதுக்கி, பெரும்பாலும் அனுமதிச் சீட்டு இல்லாமலேயே ரசிகர்களை உள்ளே விடுகின்றன. இருபது பேர் அமர்ந்திருக்கும் அந்த மதியக் கச்சேரியில் தொடங்கித்தான் ஒருவர் மாலைக் கச்சேரிக்கு வருகிறார். எங்களுக்கு அந்த மதியம் இல்லை. கல்லூரி விழாவின் போட்டி மேடை ஒன்று, அதன்பின் விடுதியின் மதுக்கூடம். இடையில் படிக்கட்டு கிடையாது.

இரைச்சல் குறித்த கவலை நியாயமானது. அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுத்து வாசிக்கும் உரிமை எந்தக் குழுவுக்கும் இல்லை. ஆனால் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் எங்கள் கோரிக்கைக்கு இடமளிக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடைசெய்யும் அதே விதி, உள்ளுக்குள்ளேயே ஒலிக்கும் மூடிய இடங்களுக்கு விலக்களித்து, அவற்றுள் சமூகக் கூடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த விலக்கைக்கூட நாங்கள் கேட்கவில்லை. மாலை 6 மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துக்கொள்வோம். வருகிற பெண்கள் பேருந்திலும் மெட்ரோவிலும் அச்சமின்றி வீடு திரும்ப அதுவே ஏற்ற நேரம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65 என்று விதிகள் வகுத்திருக்கும் அளவுகளை அறிந்தே பேசுகிறேன். திருமணங்களுக்காகக் கட்டிய கூடங்களில் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியை எதிரொலித்துப் பெருக்கும் என்பதும், தாழ்ந்த சுருதி சுவரைக் கடந்து செல்லும் என்பதும் உண்மையே. ஆகவே, வீடுகள் நெருங்காத கூடமொன்றைத் தேர்ந்து, தடித்த திரைகளும், கதவு இடுக்குகளுக்கு ரப்பர் அடைப்பும், டிரம்ஸுக்கு அடியில் ஒரு கம்பளமும் போட்டால் தொடங்கிவிடலாம்.

இதற்கான பணமும் பெரிதில்லை. ஒரு டிரம்ஸ் செட், கிதார் ஒலியைப் பெருக்கும் இரண்டு ஆம்ப், ஒரு பேஸ் ஆம்ப், எல்லா ஒலிகளையும் கலந்து சீராக்கும் ஒரு மிக்ஸர், பாடகர் தன் குரலைக் கேட்க ஒரு மானிட்டர் ஆகியவை கூடத்திலேயே நிரந்தரமாக இருந்தால், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வாடகைக்கு எடுத்து ஏற்றி இறக்கும் செலவு நீங்கிவிடும். 120 பேர் தலைக்கு 200 ரூபாய் கொடுத்தால் 24,000 ரூபாய். மூன்று குழுக்களில் பன்னிரண்டு பேர் இருந்தால், கூடத்தின் வாடகையும் சவுண்ட் இன்ஜினியரின் ஊதியமும் போகத்தான் அவர்களுக்கு ஏதேனும் மிஞ்ச வேண்டும். எனவே இத்தகைய சிறு நிகழ்ச்சிகளுக்குத் திருமண வாடகையை வாங்காமல் தனிக் கட்டணம் நிர்ணயிக்கவும், கேளிக்கை வரி பொருந்துமிடத்தில் அதிலிருந்து விலக்குப் பெற்றுத் தரவும், காவல்துறை அனுமதிக்கான விண்ணப்பத்தைக் கூடத்துக்கான விண்ணப்பத்தோடு சேர்த்தே பெற்றுக்கொள்ளவும் வேண்டுகிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டம், மது விற்க உரிமம் பெற்ற இடங்களில் 200 பேர் வரையிலான நிகழ்ச்சிக்கு, காலை 8 முதல் இரவு 11 வரை, இசைக்கென்று தனி அனுமதி தேவையில்லை என்றது. 2015இல் அந்த வரம்பு 500 ஆனது. அவ்வளவு தொலைவுக்குப் போகாமலே, நம் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் பிள்ளைகள் ஒலிபெருக்கியின்றிக் கச்சேரி செய்திருக்கிறார்கள். சென்னை சங்கமம் கலைவிழா பறையையும் கரகத்தையும் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்துப் பாடியபோது திரண்ட கூட்டம், தமிழில் பாடும் இசைக்குழுவுக்கு இந்நகரில் கேட்பவர்கள் உண்டு என்பதைக் காட்டியது.

முதலில் ஒரேயொரு கூடம், ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை மாலை தாருங்கள். டிரம்ஸையும் ஆம்ப்களையும் அன்றைக்கு நாங்களே கொண்டுவருகிறோம். ஒலி அளவுமானியுடன் தங்கள் அலுவலர் ஒருவர் பக்கத்துத் தெருவில் நிற்கட்டும். அளவு மீறினால் அந்தப் பாட்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பணிவுடன்,
சென்னையிலிருந்து ஒரு பேஸ் கிதார் கலைஞன்