அப்பா பாடினார் மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

நாங்கள் நலம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? நான்கு மாதமாக உன் போனை எடுக்கவில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். "அப்பா எப்படி இருக்கார்?" என்று நீ கேட்டால் சொல்ல என்னிடம் எதுவும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. அப்பா பாடினார்.

பக்கவாதத்தில் வலது கையும் காலும் போனது உனக்குத் தெரியும். பேச்சும் போனதை நான் சொல்லவில்லை. நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது, ஆனால் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் "தா... தா..." என்று நின்றுவிடும், கோபத்தில் சொம்பைத் தள்ளிவிடுவார். ஆடி மாதம் தெருக்கூத்தில் விடிய விடிய கட்டியங்காரன் வேஷம் கட்டி ராஜாவையே மடக்கின வாய் மாப்ளே அது! அம்மாப்பேட்டையில் நம் தெருவில் அத்தனை தறி ஓடும்போதும் தனியாகக் கேட்ட குரல்.

மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வருகிறார்கள் இல்லையா, அதில் வந்த பிசியோதெரபி பொண்ணுதான் "ஐயா முன்னாடி பாடுவாரா?" என்று கேட்டது. நம் பெரிய டீச்சர் பின்தெருவில் சனிக்கிழமைதோறும் ஆட்களைக் கூட்டிப் பாட வைக்கிறாராம். குழித்தறி இருந்த பழைய கொட்டகை. மேடை கிடையாது, மைக் கிடையாது. தறியில் உட்கார்ந்தே முட்டி தேய்ந்தவர்கள், சர்க்கரைக்காரர்கள், கைக்குழந்தையோடு வரும் இரண்டு பொண்ணுங்க. கும்மிப் பாட்டு, தாலாட்டு, யாருக்கு எது வருகிறதோ அது.

முதல் இரண்டு வாரம் அப்பா சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் ஒரு பெரியவர் கட்டியங்காரன் வரவுப் பாட்டை எடுத்தார். அப்பாவின் இடது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது, அப்புறம் குரல் வந்தது. முனகல் இல்லை மாப்ளே, வார்த்தை! ஒரு அடி, அடுத்த அடி, முழுசாக. அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

குணமாகிவிட்டார் என்று நினைத்துவிடாதே. அன்று ராத்திரியே தண்ணீருக்கு மறுபடியும் "தா... தா..."தான். ஆனால் அந்தப் பொண்ணு விளக்கியது. பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்க வேலை, அப்பாவுக்கு அடிபட்டது அங்கேதான். பாட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்கும். இதை வைத்து 1973-லேயே பாஸ்டனில் ஒரு பயிற்சிமுறை கொண்டுவந்திருக்கிறார்கள், இடது கையால் தட்டிக்கொண்டே சொற்களை ராகமாக இழுப்பது. இப்போது நாங்களும் "தண்ணி வேணும்" என்பதைக் கூத்து மெட்டில் எடுத்துக்கொடுக்கிறோம். பத்து தடவைக்கு மூன்று நான்கு தடவை கூடவே வருகிறது.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். கலையும் உடல்நலமும் பற்றிய 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-ல் ஒரு அறிக்கை போட்டிருக்கிறது. இங்கிலாந்தில் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருந்த 134 தாய்மார்களைக் குழுக்களாகப் பிரித்து ஒரு ஆய்வு. கடைசியில் எல்லாக் குழுவும் தேறியது, ஆனால் சோர்வு அதிகமாக இருந்தவர்களில், 10 வாரம் சேர்ந்து பாடியவர்கள் சீக்கிரம் தேறினார்கள். கைக்குழந்தைக்காரிக்கு அந்தச் சில வாரங்கள் எவ்வளவு பெரியவை, யோசித்துப் பார்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். இந்தச் சனிக்கிழமைப் பாட்டுக்கு ஒரு அறக்கட்டளை பணம் தருகிறேன் என்கிறது. நல்ல மனசுதான். ஆனால் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாடகம் போட வேண்டுமாம், வெளியிலிருந்து குழு வருமாம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்குக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு மனசே ஆறவில்லை. அறிவொளி எழுத்தறிவு இயக்க நாட்களில் கலைப்பயணம் என்று நாமும் ஊர் ஊராகப் போனோமே, உப்பு சர்க்கரைக் கரைசல் பாட்டெல்லாம் பாடினோம். அது தேவையான வேலைதான், இன்றும் சொல்வேன். ஆனால் பாடியது நாம், அவர்கள் நின்று கேட்டார்கள். இங்கே பாடுவது அவர்களே. அப்பாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நாடகம் காட்டியிருந்தால் அந்த இடது கை அசைந்திருக்குமா? டீச்சர் பாவம், வாடகைக்கு என்ன செய்வது என்று தவிக்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சரி என்று சொல்ல மனசு வரவில்லை. நீ கணக்கு வழக்கில் கெட்டிக்காரன், மாதம் எவ்வளவு இருந்தால் நாமே ஓட்டலாம் என்று வந்து பார்த்துச் சொல்.

வரும்போது டோலக்கைக் கொண்டு வா. வாழப்பாடியில் உருட்டியது போல உருட்டாமல், பத்திரமாக. சனிக்கிழமை சாயந்தரம் 5 மணி. தட்டுவடை செட் என் செலவு. உன் பெயரை அப்பாவுக்கு எந்த மெட்டில் எடுத்துக்கொடுப்பது என்று அம்மா கேட்கிறார், அதையும் யோசித்து வை.

உன் மாப்ளே