மூத்தவளுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள பிள்ளை,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உன் டிராகன் படகுப் படத்தைத் திருக்கடலூரில் காட்டாத ஆளில்லை. இருபது பேர் துடுப்புப் போட, முன்னுக்கு ஒருத்தி மேளம் அடிக்க, பின்னுக்கு ஒருத்தி சுக்கான் பிடிக்க, அவருக்கு ஒரே புளுகம். எனக்கு உன் காறை எலும்புதான் கண்ணில் பட்டது. சாப்பிட்டுவிட்டுப் போகிறாயா?

தை மாதம் வந்து ஆறு கிழமை நின்றாய். அலுமாரியில் நீ வைத்த மாதவிடாய் பாட் பக்கற் ஒட்டுப் பிரியாமலே கிடந்தது. கேட்க வாய் வரவில்லை.

சாப்பாட்டுச் சக்தியில் பயிற்சிக்குச் செலவாவது போக மிச்சம் காணாவிட்டால் மூளை முதலில் சூலகத்துக்குப் போகும் கட்டளையைத்தான் குறைக்கும். நிறை குறையாமலும் இது நடக்கும். கொழுப்பு நீங்கலாக நீ 45 கிலோ என்றால், துடுப்புக்குச் செலவானதைக் கழித்து நாளுக்கு 2025 கலோரியாவது மிஞ்ச வேணும். 1350க்குக் கீழே போய் அப்படியே இருந்தால் மாதவிடாய் குழம்பும், ஈஸ்ட்ரஜன் இறங்கும், எலும்பு மெலியும். துடுப்புப் போடுகிறவர்களுக்கு விலாவெலும்பில் கீறல் விழுவதும் உண்டு. ஆசையும் வற்றும், உடம்பும் வறளும். நீயும் மருமகனும் ஆளுக்கொரு மூலையில் இருந்ததைப் பார்த்தேன். அது மனசின் குற்றமென்று இரண்டு பேரும் நினைத்துவிடாதேயுங்கோ. ஆண்களுக்கும் இது வரும். 2014இல் ஒலிம்பிக் குழுவே அதைச் சொல்லிவிட்டது.

மூன்று மாதம் வராவிட்டால் டொக்டரிடம் போ. முதலில் கர்ப்பமா என்று பார்ப்பார்கள், பிறகு தைரொயிட், புரோலக்டின், இரும்புச்சத்து. குளிசை தந்து வரவைக்கும் இரத்தத்தைப் பார்த்து சுகம் வந்துவிட்டதென்று நம்பாதே. வரவில்லைதானே என்று கவனமில்லாமலும் இராதே, மாதவிடாய் திரும்ப முதலே சூலகத்திலிருந்து முட்டை வெளிவந்து கர்ப்பமாகலாம்.

நாளுக்கு 300 முதல் 600 கலோரி கூட்டு. படகேற இரண்டு மணித்தியாலம் முன்னுக்குச் சோறோ பாணோ, கரையேறி ஒரு மணித்தியாலத்துக்குள் முட்டையோ மீனோ. ஈரக் காற்சட்டையை உடனே மாற்று. மெலிந்த ஆள்தான் வேணுமென்றால் மேளக்காரியை மெலியச் சொல்லட்டும். நீ சாப்பிட்டுவிட்டுப் போ.

முப்பது வருஷம் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் இதை முகம் பார்த்துச் சொன்னவள் நான். உனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பேப்பரில் எழுதித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். இப்பவும் அதைத்தான் செய்கிறேன்.

கடைசியாக வந்த திகதியை மட்டும் அனுப்பு. வேறொன்றும் எழுத வேண்டாம்.

அம்மா
திருகோணமலை