செயலாளர் ஆண்டறிக்கை 2025: பிடியரிசிப் பானையும் நம் சங்கமும்

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ரங்கூன் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையை வாசிக்கிறேன். பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, குழந்தைகளின் தமிழ் வகுப்பு எல்லாம் சிக்கனமாக நடந்தன. கரண்ட் இல்லாத மாலைகளிலும் செயற்குழு மெழுகுவத்தி வைத்துக்கொண்டு கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். என் நேரத்தை, வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி சேர்த்து இல்லாத வீடுகளுக்குக் கொடுக்கும் பிடியரிசிக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த வருஷம் உருப்படியாகச் செய்ததும் அதில்தான், சொதப்பியதும் அதில்தான்.

ரங்கூனில் விலைவாசி எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 1,300 கியாட். 2022 ஆகஸ்டில் அரசு 2,100 என்று நிர்ணயித்தது. வெளிச்சந்தையில் இப்போது ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் டாலர் கொடுத்து வருகிறது. அதனால் ஒரு விசை (சுமார் 1.6 கிலோ) எண்ணெய் வாங்கிய வீட்டில் இப்போது கால் விசை. அரிசி நம் மண்ணில் விளைவதுதான், ஆனால் உரமும் டீசலும் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகள் ஊரில் இல்லாத வீடுகளும் கூடிவிட்டன. அதற்குமேல் நான் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போது நன்கொடை நோட்டை நீட்டினால் யார் எழுதுவார்கள்? எழுதாதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் செயற்குழுவில் மூத்த ஐயா ஒருவர் பிடியரிசியை நினைவுபடுத்தினார். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. நம் பாட்டிமார் கோயிலுக்குச் செய்த வழக்கம். ‘பணமாக் கேக்காதீங்கப்பா. 1987 செப்டம்பர்ல 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் ஒரே நாள்ல செல்லாமப் போச்சு. மூட்டையில இருந்த அரிசி செல்லாமப் போகலை’ என்றார். அதற்கு மறுபேச்சு இல்லை.

பானை வைத்த வீடுகள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். பணம் தர முடியாமல் கூசியவர்கள் தலை நிமிர்ந்து அரிசி தந்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கொட்டிவிட்டோம். ஒரு வீட்டுப் பவ்சான் என்ற உயர்ரக பர்மா அரிசி, இன்னொரு வீட்டுக் குருணை, வேறொரு வீட்டுப் புழுங்கல். சமைத்தால் ஒன்று குழைகிறது, ஒன்று விதை விதையாக நிற்கிறது. மழைக்காலத்தில் வண்டு வேறு. ஒரு அம்மா பையைத் திருப்பியே கொடுத்துவிட்டார். ‘பார்த்தாலே தெரியுது தம்பி, நாலு வீட்டுல எடுத்த அரிசின்னு.’ அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தினமும் காலையில் நம் தெருவில் பிக்குகள் பாத்திரத்தில் ஏற்பதும் பல வீட்டுச் சோறுதான். ஆனால் அவர்கள் அதை விரும்பி ஏற்றவர்கள். இந்த அம்மா அப்படியல்ல.

அப்புறம் முறையை மாற்றினோம். கலந்த அரிசி ஆடி மாதக் கஞ்சிக்குப் போனது. கஞ்சியில் யாரும் ரகம் பார்ப்பதில்லை. வீடுகளுக்குக் கடையிலிருந்து ஒரே ரக அரிசி, பிரிக்காத பையில். பணம் தர முடிந்த சிலர் அந்தச் செலவை ஏற்றார்கள். இருட்டிய பிறகு, ஒருவர் மட்டும் போய் வாசலில் வைத்துவிட்டு வருகிறார். போட்டோ கிடையாது. ‘படம் போட்டால்தான் நாலு பேர் கொடுப்பார்கள்’ என்று செயற்குழுவில் காரசாரமாக வாதம் நடந்தது. கொடுப்பவர் குறைந்தாலும் சரி என்பது என் கட்சி. மூன்று கூட்டம் ஆனது, கடைசியில் ஜெயித்தது.

மார்ச் 28 நிலநடுக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாண்டலே, சகாயின் பக்கம் அத்தனை சேதம்; நாம் சேர்த்த அரிசியும் துணியும் லாரியில் போயின. அந்த மாதம் நம் பட்டியலில் இருந்த வீடுகளுக்கு ஒன்றும் போகவில்லை. ஒருவர்கூடக் கேட்கவில்லை, அதுதான் எனக்குச் சங்கடம். இனி அவசர உதவிக்குத் தனி உண்டியல் என்று முடிவு.

பட்டியலில் பர்மியக் குடும்பங்களைச் சேர்க்கலாமா என்று கேள்வி வந்தது. சேர்த்தாயிற்று. அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால், என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டா நிற்பது?

ஆண்டுக் கடைசியில், நம்மிடம் அரிசி வாங்கும் ஒரு வீட்டுக்குப் போனேன். பட்டியலில் பெயர் வருமுன் அவர்களும் பானை வைத்திருந்தவர்கள். அந்தப் பானையைத் திரும்ப வாங்கிவரலாம் என்று நினைத்துத்தான் போனேன். பானையில் பாதி அரிசி இருந்தது. ‘கைப்பிடியை நிறுத்தலைண்ணே, கொஞ்சம் சின்னப் பிடியாப் போடுறோம்’ என்றார் அந்த வீட்டு அம்மா. அந்த அரிசியை வாங்கிக்கொண்டு வந்தேன். மறுத்திருந்தால் அவருக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். பானைதான் வேண்டும் என்றில்லை, பழைய பிஸ்கட் டின் போதும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். உள்ளே நாலு காய்ந்த மிளகாய் போட்டு வையுங்கள், வண்டு அண்டாது.

இப்படிக்கு,
செயலாளர்