சங்கத்தின் இணையதளத்தைச் சங்கத்தாரே நடத்தலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சை மாவட்டத்துப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர் சங்க இணையதளத்தைக் கவனித்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். வாசகர் வட்டங்களும், ஊர் நூலகங்களும், எங்களைப் போன்ற சங்கங்களும் தங்கள் தளத்தை அமைக்கும் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, அவர் விலகிய பிறகு பல ஆண்டுச் சேகரிப்பை இழந்து நிற்பதைப் பார்த்து வருந்தி இக்கடிதத்தை எழுதுகிறேன். இணையதளங்களை அமைத்து நடத்த உதவும் ட்ரூபல் என்னும் திறமூல மென்பொருளை (மூல நிரல் யாவருக்கும் திறந்திருக்கும் மென்பொருளை) நாங்கள் அறிந்துகொண்ட விதமும், அதில் உள்ள வசதியும் சிரமமும் தங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

எங்கள் தளம் 2012இல் தொடங்கப்பட்டது. அமைத்துக் கொடுத்தவர் நல்ல முறையில்தான் செய்து தந்தார். ஆனால் தளத்தின் பெயர் (இணைய முகவரி) அவர் பெயரிலேயே பதிவாகியிருந்தது. நிர்வாகக் கடவுச்சொல்லும் அவரிடம் மட்டுமே இருந்தது. ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டிய அறிவிப்பும் அவருடைய மின்னஞ்சலுக்கே சென்றது. அவர் தொழிலை மாற்றிக்கொண்ட பிறகு, ஒருநாள் தளம் திறக்கவில்லை. மறைந்த ஆசிரியர்களைப் பற்றி மாணவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள், அறுபதுகளின் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புப் புகைப்படங்கள், ஆண்டு மலர்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. நல்லவேளையாக, சர்வர் நிறுவனத்தின் பழைய ரசீது ஒன்று எங்கள் பொருளாளரின் கோப்பில் கிடைத்தது. அதைக் கொண்டு, தளத்தின் தகவல்கள் யாவும் சேமிக்கப்பட்டிருந்த தரவுத்தளத்தை மீட்டெடுத்தபோதுதான், தளம் இயங்கியது ட்ரூபலின் 7ஆம் பதிப்பில் என்பதே எங்களுக்குத் தெரியவந்தது.

அதன் வரலாற்றைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று. 2000ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டிரீஸ் பைடார்ட், ஹான்ஸ் ஸ்னைடர் என்ற இரு மாணவர்கள், ஸ்னைடரிடம் இருந்த ஓர் இணைய இணைப்பை விடுதி நண்பர்கள் எட்டுப் பேர் பகிர்ந்துகொள்ளக் கம்பியில்லா வசதி செய்தார்கள். இணைப்பு சரியாக இருக்கிறதா, இன்று இரவு எங்கே சாப்பிடப் போகிறோம் என்பன போன்ற சிறு செய்திகளை விட்டுச்செல்ல ஒரு பலகை தேவைப்பட்டதால், பைடார்ட் அதற்கென ஒரு சிறு மென்பொருளை எழுதினார். படிப்பு முடிந்து பிரிந்த நண்பர்கள், தொடர்பு அறுந்துபோகக் கூடாது என்பதற்காக அந்தப் பலகையைப் பொது இணையத்தில் ஏற்ற முடிவு செய்தார்கள். டச்சு மொழியில் சிற்றூரைக் குறிக்கும் ‘டோர்ப்’ என்ற சொல்லைத் தளத்தின் பெயராக வைக்க நினைத்துத் தட்டச்சில் எழுத்து இடம் மாறியதால் அது ‘டிராப்’ என்று ஆனது. ஆங்கிலத்தில் அதற்குத் துளி என்று பொருள்; அதே பொருள் கொண்ட ‘ட்ருப்பல்’ என்ற டச்சுச் சொல்லிலிருந்து மென்பொருளின் பெயர் பிறந்தது. 2001 ஜனவரியில் அதன் மூல நிரல் யாவருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. பிரிந்துபோன மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளப் பிறந்த கருவி, எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது பொருத்தமே.

ட்ரூபலை முதலில் திறந்து பார்ப்பவருக்கு அது வெறும் கூடமாகத் தோன்றும். சுவரும் கதவும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். அதன் அடிப்படைக் கருத்து ‘உள்ளடக்க வகை’ என்பது. எங்கள் தளத்தில் வகுப்புப் புகைப்படம் ஒரு வகை, ஆசிரியர் நினைவுக் குறிப்பு ஒரு வகை, நிகழ்ச்சி அறிவிப்பு மற்றொரு வகை. ஒவ்வொரு வகைக்கும் வேண்டிய புலங்களை (தகவலை நிரப்பும் கட்டங்களை) திரையிலேயே உருவாக்கிக்கொள்ளலாம்; நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ முறை வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் பதினோராம் வகுப்போடு பள்ளியை விட்டுச் சென்றார்கள். இந்த வேறுபாட்டை ஆயத்தமாக விற்கப்படும் எந்தத் தளமும் அறியாது. நாங்களோ ‘முடித்த ஆண்டு’ என்று ஒரு புலத்தையும் ‘முடித்த வகுப்பு’ என்று ஒரு புலத்தையும் வைத்து, ஒரே மாலையில் அச்சிக்கலைத் தீர்த்தோம். இவ்வாறு சேர்ந்த தகவல்களை ‘வியூஸ்’ என்ற பகுதி வேண்டியபடி திரட்டித் தருகிறது: 1968ஆம் ஆண்டின் எல்லாப் படங்களையும், அல்லது ஓர் ஆசிரியரைப் பற்றிய எல்லாக் குறிப்புகளையும் ஒரே பக்கத்தில் காணலாம். முன்பு தனியாகச் சேர்க்க வேண்டியிருந்த இப்பகுதி, 2015இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து மென்பொருளின் உள்ளேயே இருக்கிறது.

சங்கங்களுக்கு இதனினும் முக்கியமானது, யார் என்ன செய்யலாம் என்பதை நுணுக்கமாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி. எங்கள் தளத்தில் உறுப்பினர் யாவரும் எழுதலாம். ஆனால் அது வரைவாகவே நிற்கும். மலர்க்குழுவினர் படித்து ஒப்புதல் தந்த பிறகே வெளியில் தெரியும். ஒருவர் தவறுதலாக அழித்துவிட்ட பத்தியை, முந்தைய திருத்தத்துக்குத் திரும்பி மீட்டுக்கொள்ளலாம். செயலாளர் மாறினால் புதியவருக்கு அப்பொறுப்பை ஏற்றிப் பழையவரிடமிருந்து விலக்க ஒரு நிமிடம் போதும். எவ்வித வரம்பும் இல்லாத அதிகாரம் ‘முதல் பயனர்’ என்ற கணக்குக்கு இயல்பாகவே உண்டு. எங்கள் தளத்தில் அக்கணக்கு ஒப்பந்தக்காரரிடம் இருந்ததே நாங்கள் பட்ட துன்பத்தின் காரணம். இன்று அதன் கடவுச்சொல் மூடிய உறையில் சங்கத்தின் பீரோவில், தலைவர், செயலாளர் இருவர் கையொப்பத்துடன் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, சிரமத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ட்ரூபலுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின்படி யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் பராமரிப்புக்கு ஆள் வேண்டும். 2014 அக்டோபர் 15 அன்று 7ஆம் பதிப்பில் ஒரு பெரும் பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வெளியான ஏழு மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படாத தளங்கள் யாவும் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருத வேண்டும் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே பின்னர் எச்சரித்தது. நம் ஊரில் அந்த நேரத்தில் உறங்கிக்கொண்டிருந்த எத்தனை சங்கங்கள் அதை அறிந்திருக்கும்? பாதுகாப்பு அறிவிப்புகள் வழக்கமாகப் புதன்கிழமைகளில் வெளிவருகின்றன. ஆகவே எங்களில் ஒருவர் வியாழன் காலையில் காப்புப் பிரதி எடுத்துவிட்டுப் புதுப்பிப்பைப் போடுவதை முறையாக வைத்திருக்கிறோம்.

7ஆம் பதிப்புக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தரும் ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று முற்றிலும் நிறுத்தப்பட்டது. அது வெளிவந்த நாளிலிருந்து சரியாகப் பதினான்கு ஆண்டுகள். இடையில் இறுதி நாளைப் பலமுறை தள்ளி வைத்தும் பார்த்தார்கள். 8ஆம் பதிப்பில் மென்பொருளின் உள்ளமைப்பு பெருமளவு புதிதாக எழுதப்பட்டதால், 7இலிருந்து மேலே செல்வது புதுப்பிப்பு என்பதைவிட வீடு மாற்றுவதையே ஒக்கும். எங்களுக்கு ஒன்பது மாதங்கள் ஆயின. கட்டுரைகளும் படங்களும் உறுப்பினர் கணக்குகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. தளத்தின் தோற்றத்தை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. ஆண்டு மலர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததால் அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிப் பிழை திருத்துவதற்கே பாதிக் காலம் சென்றது. 8க்குப் பிந்தைய பதிப்புகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்வது இவ்வளவு கடினமாக இல்லை.

ஒருவரே எழுதி ஒருவரே வெளியிடும் தளத்துக்கு வேர்ட்பிரஸ் போதுமானது. அதுவும் திறமூல மென்பொருள்தான், கற்பதும் எளிது. பலர் எழுதி, சிலர் சரிபார்த்து, தகவல்களை வகைப்படுத்திப் பல்லாண்டு காக்க வேண்டிய இடத்தில்தான் ட்ரூபலைப் பரிந்துரைப்பேன். ஈழத்துத் தமிழ் ஆவணங்களைக் காத்துவரும் ‘நூலக நிறுவனம்’ தன் பல்லூடக ஆவணகத்துக்கு ட்ரூபலின் மீது கட்டப்பட்ட ஐலண்டோரா என்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. புதிதாகத் தொடங்குவோருக்காக, பல வசதிகளை முன்பே சேர்த்த ‘ட்ரூபல் சிஎம்எஸ்’ என்ற தொகுப்பும் 2025 ஜனவரியில் வெளியாகியுள்ளது. பன்மொழி வசதி மென்பொருளின் உள்ளேயே இருப்பதால் பொத்தான்கள், அறிவிப்புகள் ஆகியவற்றையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிடிக்கவில்லையென்றால் நம் தளத்தில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் மூத்த உறுப்பினர்கள் கைப்பேசியில் தயங்காமல் எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

தங்கள் நாளிதழ் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். மாவட்ட மைய நூலகங்களில் கணினிகளும் அமர இடமும் இருக்கின்றன. சுற்றுவட்டாரச் சங்கங்களிலிருந்து தலா இருவரை அழைத்து, விடுமுறை நாள்களில் இத்தகைய மென்பொருள்களைக் கற்பிக்கப் பொது நூலக இயக்ககம் முன்வர வேண்டும். ஒருவர் மட்டும் கற்றால் அவர் ஊர் மாறும்போது பழைய நிலையே திரும்பும் என்பதால்தான் இருவர் என்கிறேன். அடுத்தது, தளம் வைத்திருக்கும் சங்க நிர்வாகிகள் இவ்வாரமே அது எந்த மென்பொருளில், எந்தப் பதிப்பில் இயங்குகிறது, தளப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டறிய வேண்டும். ட்ரூபல் 7 என்று விடை வந்தால், வேறெதுவும் செய்யும் முன் தரவுத்தளத்தையும் படங்கள் உள்ள கோப்புறையையும் பிரதி எடுத்து, சங்கத்துக்குச் சொந்தமான வன்தட்டில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
முன்னாள் மாணவர் சங்க இணையதளப் பொறுப்பாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்.