லென்ஸின் இலக்கங்களை மேலே திருப்பித் தந்த காக்காவுக்கும் (எங்கள் பக்கத்தில் மூத்த முஸ்லிம் சகோதரரை அப்படித்தான் கூப்பிடுவோம்), கூட நின்ற எல்லோருக்கும்

கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவியாரின் குழுப்படம் வந்துவிட்டது. நேற்று இரவு சிவப்பு விளக்கின் கீழே, டிவலப்பர் மருந்துத் தட்டுக்குள் நெகட்டிவில் முதலில் வானம் கறுத்தது. பிறகு அவருடைய வேட்டி, அதற்குப் பிறகு பின்வரிசைப் பிள்ளைகளின் தலைக் கிரீடங்கள். கை நடுங்கியபடியே பிலிமைக் கழுவி, காயப்போட்டு, காலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று வரிசையும் துல்லியம். "படம் சரிவந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு முதலில் இதைச் சொல்லவேண்டும்.

வெள்ளம் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிற எங்கள் ஸ்ரூடியோவில் என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. அதற்குப் பிறகு வந்து கைகொடுத்தவர்களுக்காகத்தான் இந்த மடல்.

அப்பாவின் கமரா, ஆலப்புழையில் தேக்கு மரத்தில் செய்த வாகீஸ்வரி, கண்ணாடித் தட்டில் படமெடுக்கிற அரைப் பிளேட் அளவு. அதன் மரச்சட்டம் தப்பியது, லென்ஸும் ஷட்டரும் தப்பவில்லை. கோட்டைமுனையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, தன் தகப்பனாரின் பெட்டிக்குள் கிடந்த ஒரு பித்தளை லென்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். இங்கிலாந்தில் செய்தது. ராப்பிட் ரெக்டிலீனியர் வகை. 1866-இல் லென்ஸ் செய்பவரான டால்மேயர் கொண்டுவந்த அமைப்பு அது: ஒரே மாதிரியான இரண்டு ஒட்டுவில்லைகள், நடுவிலே ஒளித்துவாரம். எஃப் 8-க்கு மேல் திறக்காது (எஃப் என்பது துவாரத்தின் அளவு, எண் கூடக் கூடத் துவாரம் சிறிது). ஆனால் குழுப்படத்துக்கு அது தாராளம், நேர்கோட்டை வளைக்காமல் தரும். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ரீச்சர், உங்களுக்குக் காசு தர நான் வாயெடுத்தபோது நீங்கள் முறைத்த முறைப்பை மறக்கமாட்டேன்.

லென்ஸ் இருந்தது. அதைப் பலகையில் பூட்டுகிற வளையம் இல்லை. இந்த வளையத்தில்தான் எல்லோரும் கைவிட்டார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேய லென்ஸ்களின் மரை, அதாவது திருகுப் புரி, இஞ்சிக் கணக்கு, பெரும்பாலும் ஒரு இஞ்சிக்கு 24 சுற்று. என்னுடையது விட்டம் ஒன்றே முக்கால் இஞ்சி. இப்போதைய, உலோகம் கடைகிற லேத் மெசின்கள் பெரும்பாலும் மில்லிமீட்டர்க் கணக்கில் ஓடுகின்றன. ஐந்து இஞ்சி என்பது சரியாக 127 மில்லிமீட்டர், ஆகவே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற 127 பல்லுள்ள சக்கரம் ஒன்று வேண்டும். எல்லாப் பட்டறையிலும் அது இருப்பதில்லை. "அரல்டைட் வைத்து ஒட்டிவிடுங்கோ" என்று சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் நூறு வருசம் தாண்டி வந்த பொருளுக்குப் பசை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதைக் கழற்றித் துடைக்க நாளைக்கு இன்னொருவருக்கு வழி இருக்கவேண்டும்.

காத்தான்குடியில் ஒரு காக்கா இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய பட்டறையில் நிற்கிற லேத், நெல்லு ஆலை ஒன்றிலிருந்து வந்த பழைய ஆங்கிலேய மெசின். உளியை நகர்த்துகிற அதன் ஓட்டத்திருகே இஞ்சிக் கணக்கு. லென்ஸை வாங்கி, மரையில் நகத்தை வைத்து ஒருக்கால் இழுத்துப் பார்த்துவிட்டு, மரை அளவுச் சீப்பில் ஓர் இதழை எடுத்து வைத்தார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது இடையில் ஒரு பொட்டு வெளிச்சமும் தெரியவில்லை. "இருபத்திநாலுதான், நாளைக்கு வாங்க தம்பி" என்றார். அடுத்த நாள் பித்தளை வளையம் தயார். லென்ஸ் அதில் இறங்கியபோது சத்தமே இல்லை. கூலி கொடுத்தேன், நன்றி சொன்னேன், வந்துவிட்டேன். அவருடைய வேலை அத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அன்று பின்னேரம் கல்லடியில் என் கடை வாசலில் அவருடைய மோட்டர்சைக்கிள் வந்து நின்றது. "கமராவ ஒருக்காப் பாக்கோணும்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. முக்காலியில் ஏற்றி, புதிய பலகையைப் பூட்டிக் காட்டினேன். முன்னால் வந்து நின்று பார்த்தார். பிறகு குனிந்து, லென்ஸுக்குக் கீழே தலையைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தம்பி, இலக்கமெல்லாம் கீழ பாத்துக் கிடக்கு. இத எப்பிடி வாசிப்பீங்க? ஒவ்வொரு தரமும் குனிய ஏலுமா?"

உண்மைதான். துவாரத்தின் அளவுகள், 8, 11, 16, 22 என்று, பித்தளையில் ஒரு பக்கம் மட்டும் பொறித்திருக்கின்றன. லென்ஸ் முழுதும் இறுகி நிற்கிற இடத்தில் அந்தப் பக்கம் நிலத்தைப் பார்த்தது. படம் எடுக்க அது ஒரு தடையும் இல்லை. நான் பேசாமல் விட்டிருப்பேன். யாரும் அவரிடம் கேட்கவில்லை. பட்டறையிலேயே லென்ஸைப் பூட்டிப் பார்த்தபோது அது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. கமராவில் எந்தப் பக்கம் மேலே வரும் என்று தெரியாததால் பட்டறையைப் பூட்டிவிட்டு அத்தனை தூரம் வந்திருக்கிறார்.

பென்சிலால் பலகையில் ஒரு கோடு, வளையத்தில் ஒரு கோடு போட்டார். வளையத்தைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். 24 மரையில் ஒரு முழுச் சுற்று என்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூட. அரைச் சுற்றுத் திருப்ப, லென்ஸின் தோள் வந்து உட்காருகிற முகத்தில் அரை மில்லிமீட்டர் சீவவேண்டும். கூடச் சீவினால் இலக்கம் மேலே தாண்டி மற்றப் பக்கம் போய்விடும், சீவியதைத் திரும்ப வைக்க வழியில்லை. இம்மி இம்மியாகச் சீவி, ஒவ்வொரு தரமும் பூட்டிப் பார்த்ததாக அவருடைய மகன் பிறகு சொன்னார். இரவு இஷாத் தொழுகை முடிந்து திரும்ப வந்தார். தானே பூட்டினார். இலக்கங்கள் நேர் உச்சியில் வந்து நின்றன. மேலதிகக் காசு ஒன்றும் வாங்கவில்லை. "படத்தில எனக்கும் ஒண்டு தாங்க" என்று மட்டும் சொன்னார்.

காக்கா, அந்த அரை மில்லிமீட்டர் என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். இரவு முழுக்கக் கூத்து ஆடி, விடியும்போது எல்லோரும் கோயில் முன்றலில் நின்றார்கள். அண்ணாவியாரால் அதிக நேரம் நிற்க முடியாது. வெயில் ஏற ஏற வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தது. ஷட்டர் கிடையாது, மூடியைக் கழற்றி எண்ணி மூடுவதுதான் கணக்கு. நான் போட்ட எக்ஸ்ரே பிலிமின் வேகமும் குறைவு. பிலிமைப் போட்டபிறகு, காட்சி விழுந்து தெரிகிற மங்கல் கண்ணாடியில் ஒன்றும் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் எஃப் 11-இல் இருந்து 16-க்குப் போக வேண்டி வந்தது. நின்ற இடத்திலேயே மேலே ஒரு பார்வை, விரலால் ஒரு தள்ளு. நான் குனியவில்லை, கமரா அசையவில்லை, அவர்களும் கலையவில்லை. மூடியைக் கழற்றினேன். அண்ணாவியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மற்றவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நாவற்குடா ஓடாவியார் பழைய லாச்சிப் பலகை ஒன்றில் லென்ஸ் பலகை செய்து தந்தார். பிளேட் ஹோல்டரில் கண்ணாடித் தட்டுக்குப் பதிலாகப் பிலிம் வைக்கத் தகரத் தாங்கியும் அவர்தான் வெட்டினார். பிலிம் நிற்கிற ஆழமும் மங்கல் கண்ணாடி நிற்கிற ஆழமும் ஒன்றாக வரும்வரை கடதாசித் துண்டு வைத்து வைத்துச் சரிபார்த்தவரும் அவரே. ஆர்மோனியம் திருத்துகிற ஐயா கமராவின் துருத்தியின் மூலைகளுக்கு ஆட்டுத்தோல் ஒட்டினார். பிறகு இருட்டறையில் உள்ளே மின்குமிழ் வைத்துப் பார்த்தோம், வெளியே ஒரு கசிவும் இல்லை. மருதமுனை நெசவுக்காரர் தலைக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புத் துணியைத் தந்தார். கொழும்பிலிருந்து பிலிம் பெட்டியை அனுப்பிய தம்பி, உராய்வுத் தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மங்கல் கண்ணாடி செய்த மருமகன், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாத வெளிநாட்டுப் பிள்ளைகள், எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே பிலிமுக்குச் சிவப்புத் தெரியாது. அண்ணாவியாரின் சிவப்புச் சால்வை படத்தில் நல்ல கறுப்பாகத்தான் வந்திருக்கிறது, முகங்களும் ஒரு பிடி கறுத்திருக்கின்றன. எனக்கு அது பிடித்திருக்கிறது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் நிற்கிறது.

இந்தக் கமராவைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். வைக்கமாட்டேன். வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, எந்த ஊரில் அரங்கேற்றம் நடந்தாலும் கூப்பிடுங்கள், தூக்கிக்கொண்டு வருவேன். போக்குவரத்துச் செலவு தந்தால் போதும். இத்தனை பேருடைய கை பட்ட சாமான் வேலை செய்துகொண்டே இருக்கவேண்டும்.

முதல் பிரதி காத்தான்குடிக்குப் போகிறது. இரண்டாவது ரீச்சருக்கு. ஆடிய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். அப்புறம், யாருடைய வீட்டிலாவது வளையம் இல்லாத பழைய பித்தளை லென்ஸ் கிடந்தால் வீசிவிடாதீர்கள். மரை அளவை எழுதிக் கடைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். லென்ஸைக் கொண்டுவாருங்கள், காக்காவிடம் நானே கூட்டிப்போகிறேன்.