பினாங்கு பைக் பயணம்: படகும் தங்கலும்

காரைக்குடி நண்பர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு (15ஆம் தேதி) மாலை 5 மணிக்கு எங்கள் வீட்டு முகப்பில் கூடுகிறோம். மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகும் பைக் பயணத்தை அன்றே முடிவு செய்துவிட வேண்டும்.

1. கோலாலம்பூரில் வாடகை பைக். முதல் இரவு ஈப்போ, அடுத்த இரண்டு இரவுகள் பினாங்கின் ஜார்ஜ் டவுன்.

2. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் படகில்தான் போகிறோம். கார்களை இப்போது ஏற்றுவதில்லை, பைக்குக்கு இடமுண்டு. படகில் எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். திரும்பும்போது 13.5 கி.மீ. பாலம், பைக்குக்குச் சுங்கமில்லை.

3. லங்காவித் தீவுக்கு கோலா பெர்லிசிலிருந்து வாகனப் படகு உண்டு. வாடகைக்காரர் சம்மதித்தால் மட்டும். எனக்கு அரை மனதுதான்.

4. பாஸ்போர்ட் நகல், ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இரண்டையும் கொண்டுவாருங்கள்.

5. அறைக்கு முன்பணம் கட்டியவர்களே கணக்கில் சேர்வார்கள். போன முறை இருவர் கடைசி நாளில் பின்வாங்கியதில் என் பணம் போனது, இன்னும் மறக்கவில்லை.

பினாங்கு, எங்கள் ஐயா ரஜூலா கப்பலில் போன ஊர். அவருடைய தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் கிடக்கிறது, வருகிறவர்கள் பார்க்கலாம். அங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஒரு காலை ஒதுக்கியிருக்கிறேன்.

வருகிறீர்களா, எத்தனை பேர் என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போதாது.