லுங்கியோடும் சாய்சைக்கிள் ஓட்டலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். பர்மாவில் நம் மோல்மேன் நகரின் ஆற்றங்கரை ஸ்ட்ராண்ட் சாலையில் காலை நேரத்தில் ஒரு பெரியவர் பாவாடை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு, படுத்த வாக்கில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறார், குடும்பத்தோடு நடக்க வருகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, அவரைக் கால்சட்டை போட்டு வரச் சொல்லக் கூடாதா என்று. அந்தப் பெரியவர் நான்தான்.

அவர் கூச்சப்பட்டதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நான் ஓட்ட ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் எனக்கே துணியை எப்படிக் கட்டுவது என்று தெரியவில்லை, அவர் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் கால்சட்டை போட்டால்தான் மரியாதை என்கிறாரே, அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவரிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் வரைக்கும் லுங்கிதான், நம் கோயிலில் வேட்டி, திருவிழாவில் தீ மிதிக்கிறவர் இடுப்பிலும் வேட்டிதான். சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் அதே துணி எப்படி அசிங்கமாகும்?

முதலில் இந்த சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரிக்கம்பென்ட் என்பார்கள், நான் சாய்சைக்கிள் என்கிறேன். சாய்வு நாற்காலி மாதிரி ஆசனம், பெடல் நமக்கு முன்னால் இருக்கும், காலை நீட்டி மிதிக்க வேண்டும். எனக்கு இடுப்புத் தட்டு விலகி நான்கு வருஷம் ஆகிறது. சாதாரண சைக்கிள் சீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் அன்று இரவு தூக்கம் போச்சு. இதில் உடம்பின் பாரம் முதுகு முழுக்கப் பரவிவிடுகிறது, மணிக்கட்டிலும் கழுத்திலும் சுமையே இல்லை. கப்பலில் வேலை பார்த்த நண்பரின் மகன் விட்டுவிட்டுப் போன வண்டி இது. இப்போது முடோன் போகிற வழியில் சயன புத்தர் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறேன், மறுநாள் எழுந்து நடக்கவும் முடிகிறது. இடுப்பு வலியோடு வருஷக்கணக்கில் வீட்டுக்குள் கிடந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சரி, துணி விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண சைக்கிளில் தொடை கீழ்நோக்கி இருப்பதால் துணி தானாகவே தொங்கி மறைத்துவிடும், காற்று வந்தாலும் காலோடு ஒட்டிக்கொள்ளும். சாய்சைக்கிளில் முழங்கால் வயிற்றுக்கு மேலே எழும்புகிறது. துணி முழங்காலிலிருந்து மடியை நோக்கி வழுக்கி வந்துவிடும், அதற்கு மேல் எதிர்காற்று கீழ்விளிம்பு வழியாக நேராக உள்ளே புகும். முதல் நாள் ஆற்றுக் காற்று வேகமாக அடித்தபோது என் லுங்கி பாய்மரம் மாதிரி உப்பியது, ஒரு கையால் அமுக்கிப் பிடித்தேன், மறு கையில் ஹேண்டில் சட்டென்று திரும்பி வண்டி நடுச்சாலைக்குப் போய்விட்டது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தேன். ஆக, இது மானப் பிரச்சினை மட்டும் கிடையாது, உயிர்ப் பிரச்சினையும்கூட.

வழி சொன்னவர் எங்கள் தெருமுனையில் சைக்கா (பக்கவாட்டில் ஆள் உட்காரும் மிதி ரிக்‌ஷா) ஓட்டுகிற அண்ணன். எழுபது வயதாகிறது, லுங்கியைத் தவிர வேறு எதையும் கட்டி நான் பார்த்ததில்லை. "தம்பி, சின்லோன் ஆடுற பசங்களைப் பார்த்ததில்லையா, அவனுங்க மாதிரி தார்பாய்ச்சிக் கட்டு" என்றார். சின்லோன் என்பது பிரம்புப் பந்தைக் காலால் தட்டி ஆடும் பர்மிய ஆட்டம். இப்படித் தார்பாய்ச்சுவதைத்தான் பர்மியர்கள் காடௌங் சைக் என்று சொல்கிறார்கள். முடிச்சைப் போட்டுக்கொண்டு, முன்பக்கத் துணியைக் கொத்தாகச் சேர்த்து, இரண்டு காலுக்கும் நடுவே பின்னால் கொண்டுபோய் இடுப்பில் செருகுவது. அவர் சொன்னபடியே கட்டினேன், காற்று உள்ளே வரவில்லை, துணி அசையவும் இல்லை. ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பின்னால் செருகிய கொத்து நடுமுதுகுக்கும் ஆசனத்துக்கும் இடையில் மாட்டிக்கொண்டு, வலிக்கிற அதே இடத்தில் கல் வைத்தது போல அழுத்தியது. இப்போது செருகலை நடுவில் வைக்காமல் இடது இடுப்பெலும்புப் பக்கம் தள்ளி வைக்கிறேன். இரண்டு அங்குலம் தள்ளியதும் வலி போய்விட்டது. வலது பக்கம் வேண்டாம், பல் சக்கரமும் சங்கிலியும் அந்தப் பக்கம்தான்.

அப்புறம் அந்தப் "பாவாடை". லுங்கி கட்டாத நாளில் நான் கட்டுகிற அது ஸ்காட்லாந்துக்காரர்களின் கில்ட். கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் கொண்டுவந்து கொடுத்தான். அசல் கம்பளிக் கில்ட்டுக்கு எட்டு கஜம் வரை துணி போகும், நம் ஏப்ரல் வெயிலில் அதைக் கட்ட முடியாது, இது மெல்லிய துணியில் தைத்தது. லுங்கி மூட்டித் தைத்த குழாய், கில்ட் அப்படியல்ல, சுற்றிக் கட்டுவது. பின்பக்கம் முழுக்க மடிப்பு, முன்னால் இரண்டு தட்டைத் துணிகள் ஒன்றின்மேல் ஒன்று. ஆண்கள் கட்டுகிற கில்ட்டின் மேல்துணி வலப்பக்கம் முடியும், அதனால் வலது முழங்கால் எழும்பும்போது அந்த ஓரம் திறக்கும். அதற்குத்தான் உள்ளே முழங்கால் வரைக்கும் கறுப்பு சைக்கிள் நிக்கர் போடுகிறேன். ஸ்போரன் என்று இடுப்பில் முன்னால் தொங்கவிடும் தோல்பை ஒன்று உண்டு, அதன் கனம் மடியில் விழுந்து துணியைப் பிடித்துக்கொள்கிறது. உட்காரும் முன் பின்மடிப்பை இரண்டு கையாலும் ஒதுக்கித் தொடைக்கு அடியில் தட்டையாக விரித்துக்கொள்ள வேண்டும், நம் வீட்டுப் பெண்கள் சேலையை ஒதுக்கி உட்காருவார்களே, அதே மாதிரி. அதை மறந்தால் மடிப்பு ஆசனத்துக்குக் கீழே தொங்கும். இந்த வண்டியின் சங்கிலி சாதாரண சைக்கிளுக்கு இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம், ஆசனத்துக்கு அடியில்தான் ஓடுகிறது, துணி சிக்கினால் கிழியும், வண்டியும் சாயும்.

கில்ட்டில் எனக்குப் பிடித்ததே அது முழங்காலோடு நின்றுவிடுவதுதான். கணுக்காலில் சுற்றிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் இரண்டையும் விட்டுவிடுகிறேன், நம் ஊர் ஜூலை மழையில் நனைந்த துணி தொடையோடு ஒட்டிக்கொண்டு காலை மடக்கவே விடாது.

கால்சட்டை போட்டு வரச் சொன்னாரே, கில்ட்டுக்கும் இந்த சைக்கிளுக்கும் தடை ஏற்கெனவே வந்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய கையோடு 1746இல் பிரிட்டிஷ் அரசு கில்ட் உள்ளிட்ட அந்த மலைநாட்டு உடைக்குத் தடை போட்டது, 1782இல்தான் அதை விலக்கிக்கொண்டது. இந்த சைக்கிளுக்கு வந்த தடை 1934இல். அதற்கு முந்தின ஆண்டு ஜூலையில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர், சார்ல் மோஷே செய்த சாய்சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914இல் ஓட்டிய 44.247 கிலோமீட்டர்தான் அதுவரை சாதனை. ஃபோர் முதல் வரிசை வீரர்கூட இல்லை, உடம்பு தாழ்ந்திருந்ததால் காற்று குறைவாகத் தடுத்தது, அவ்வளவுதான். சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வண்டியைப் போட்டிகளிலிருந்து வெளியே தள்ளிவிட்டது, அதோடு பெரிய கம்பெனிகள் இதைத் திரும்பிப் பார்ப்பதும் குறைந்துபோனது. இல்லாவிட்டால் இடுப்பு வலிக்காரர்கள் எத்தனையோ பேருக்கு இந்த வண்டி எப்போதோ கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை.

இங்கேயும் ஒரு பூங்கா வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, "பேண்ட் போட்டுட்டு வாங்க" என்றார். அவர் இடுப்பிலும் லுங்கிதான் இருந்தது. நான் இறங்கி, உள்ளே போட்டிருந்த நிக்கரைக் காட்டினேன், செருகலைக் காட்டினேன், ஏறி உட்கார்ந்து நான்கு மிதி மிதித்தும் காட்டினேன். அவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பின்னால் கம்பில் கட்டியிருந்த சிவப்புக் கொடி எதற்கு என்று கேட்டார். வண்டி தாழ்வாக இருப்பதால் லாரிக்காரர் கண்ணில் படுவதற்கு என்றேன். வழி விட்டுவிட்டார்.

அந்த வாசகரை நான் கேட்டுக்கொள்வதும் அதைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்ட்ராண்ட் சாலைப் பக்கம்தான் இருப்பேன், குடும்பத்தோடு வரட்டும், நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். நீங்களும் இடம் இருந்தால் தார்பாய்ச்சிக் கட்டும் முறையைப் படம் வரைந்து போடுங்கள். செருகலை இடது பக்கம் காட்ட மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மோல்மேன்